பூசி மெழுகியது

வெர்னர் லிண்ட்குவிஸ்ட்டை அடக்கம் செய்த அன்று
டுலூத்தில் மழை.
ஏப்ரல் மழை. பாதி பனி, பாதி ஏரி.

அந்தக் காரின் கருப்பு என் பொறுப்பு.
ஹால்வர்சன் சவ அடக்க நிலையத்தில் பதினோரு வருடமாக
ஓட்டுபவன், துடைப்பவன், கதவு திறப்பவன் நான்.
கருப்பு எதையும் மன்னிக்காது.
வெள்ளைக் காரில் ஒளிந்துகொள்ளும் விரல்ரேகை
இதில் வாக்குமூலமாய் நிற்கும்.

அதனால் தேவாலய வாசலில்,
உள்ளே மூன்றாவது பாட்டு ஓடும்போது
இருக்கைக்கு அடியிலிருந்து ஸ்ப்ரே புட்டியை எடுப்பேன்.
இரண்டு பீய்ச்சு. துணியால் ஒரு துடைப்பு,
திருப்பிப் போட்டு இன்னொன்று.
வெளியே வருகிறவர்கள்
கதவில் தம் முகம் பார்த்து
டையைச் சரிசெய்துகொள்வார்கள்.

அன்று கல்லறை மேட்டில்
பானெட்டின் இடது பாதியில் மழை
துளித்துளியாய்த் திரண்டு உருண்டது.
வலது பாதியில்
உருவிய போர்வையாய் ஒரே தகடாக வழிந்தது.
நடுவில், அளவுகோல் வைத்தாற்போல், கோடு.

போதகர் மண் என்றார், சாம்பல் என்றார்.
ஆர்லிஸ், இறந்தவரின் மனைவி,
பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டி இறங்கியபின் அவர் பேசிய முதல் வார்த்தை:
"பாதியில் புட்டி தீர்ந்துபோச்சா?"
தீர்ந்துதான் போயிருந்தது.
வலப்பக்கத்துக்கு வேறு கம்பெனிப் புட்டி.

முப்பத்தொரு வருடம் அவர் நிறம் கலக்க
வெர்னர் பெயின்ட் அடித்திருக்கிறார், ஒரே பட்டறையில்.
கையுறையைக் கழற்றி
கட்டைவிரலால் பானெட்டைத் தேய்த்தார்.
"கீழே மெழுகு. அதுக்கு மேலே சீலன்ட். யார் வேலை இது?"

முதலாளியின் அண்ணன் மகள் பிரிட்டாவின் வேலை.
மெழுகு ஆறு வாரம், சீலன்ட் ஆறு மாதம் என்று
போன மாதம் கணக்குச் சொன்னாள்.
நான் காட்டிக்கொடுக்கவில்லை.

"சீலன்டுக்குப் பிடிக்க வெறும் பெயின்ட் வேணும்.
மெழுகுமேல போட்டா எண்ணெய்த் தரையில நடக்கற மாதிரி.
சீலன்ட் அடியில, மெழுகு மேல, அப்படின்னா சரி."

குடைகள் எங்களுக்காகக் காத்திருந்தன.
கேட்டே விட்டேன்:
"ஸ்ப்ரே மெழுகைக் கரைச்சிருக்குமா?"

"அதுக்கு அவ்வளவு தெம்பு ஏது?
கொஞ்சம் சோப்பு, வழுக்க ஒண்ணு, மினுங்க ஒண்ணு,
மீதி தண்ணி.
மேல உட்கார்ந்துக்கிட்டு
உள்ளே இருக்கறவன் பேரில் பேசும், அவ்வளவுதான்.
உருளற துளி ஸ்ப்ரேயோடது. வழியற தகடும் அதோடதுதான்.
மெழுகு இருக்கா செத்துதா,
துளியைக் கேட்டா எப்படித் தெரியும்?
நல்லாக் கழுவிட்டு, வெறும் தண்ணி விட்டுப் பாரு."

சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டினார்.
அப்போதுதான் அழுதார்.

"அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்றார் ஹால்வர்சன்.
"கார் நல்லா இருந்துச்சாம்" என்று
பூசி மெழுகினேன்.

ராத்திரி கொட்டகையில் இரண்டு தரம் கழுவினேன்.
குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.
தகடாய் வழிந்த வலது பாதியில்
சின்னச் சின்னதாய், தளர்ந்துபோய், ஆனாலும்
துளிகள் எழுந்தன.
முத்துமுத்தாய் உருட்டிக் காட்டிய இடது பாதியில்
ஒன்றுமில்லை.
தட்டில் ஊற்றியதுபோல் தண்ணீர் படுத்துக் கிடந்தது.
இடப்பக்கம் தெருப்பக்கம்.
குளிர்காலம் முழுக்க உப்பு லாரி போகிற பக்கம்.

எல்லாவற்றையும் உரித்தேன்.
களிமண் கட்டி, ஆல்கஹால், ஏழு துணி.
இரண்டு மணிக்கு வெறும் பெயின்ட் தெரிந்தது,
நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் சாம்பலாக.
அதன்மேல் பிரிட்டாவின் சீலன்ட்.
காய ஒரு நாள் வேண்டும்.
அதுவரை ஸ்ப்ரே அண்டக்கூடாது.

ஆனால் காலையிலேயே அடுத்த அடக்கம்.
கதவில் கடற்காகம் ஒன்று
காசளவு எச்சமிட்டுப் போயிருந்தது.
புட்டி இருக்கைக்கு அடியில்.
கையைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்த ஒருவர்
டையைச் சரிசெய்யக் குனிந்தார்.
எச்சத்துக்கு இந்தப் பக்கம் கொஞ்சம்,
அந்தப் பக்கம் கொஞ்சமென்று
தன் முகத்தைத் தேடிக்கொண்டார்.