எட்டாம் சுற்று

நாற்பத்தெட்டு வரவேண்டும்.
நாற்பத்தொன்பது வருகிறது.

பள்ளத்தூரில் கரண்ட் போய் ஒரு மணி நேரம்.
செல்போன் வெளிச்சத்தில் மூன்றாம் தடவை எண்ணுகிறேன்,
குரோஷா ஊசி முனையால் கண்ணி கண்ணியாய்த் தொட்டு.
யாரும் கேட்காத சொம்பு மூடி.
ஆறு ஆறாய் ஏறுகிற கணக்கு
ஏழாம் சுற்று வரை ஒழுங்காய்த்தான் இருந்தது.

நடுவில் வயிரவண்ணன் கூப்பிட்டான்.
கோயிலுக்குப் புள்ளி எழுதுகிறார்களாம்.
'நான் ஒரு புள்ளி, பெரியவன் ஒரு புள்ளி,
ஆத்தா அரை.
உன்னை...' என்று இழுத்தான்.
விவாகரத்து ஆனவள் எத்தனை புள்ளி என்று
யாரிடமும் கேட்டிருக்க மாட்டான்.
'எண்ணிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் பேசு' என்றேன்.
பொய்யில்லை.

சுற்று மூடுகிற இடத்தில் அகப்பட்டது:
முதல் கண்ணியோடு கோத்து இழுத்த நழுவல்.
பார்த்தால் கண்ணி போலவே தலை தூக்கி நிற்கும்.
அதிலும் ஊசி விட்டிருக்கிறேன்.
அது எண்ணிக்கையில் சேராது;
போடாவிட்டாலோ
சுற்று வாய் பிளந்து கிடக்கும்.

பிரித்தேன், எட்டாம் சுற்று முழுவதும்.
தோளிலிருந்த ஊக்கைக் கழற்றி
முதல் கண்ணியில் மாட்டினேன்.
முந்தானை சரிந்தது. சரியட்டும், இருட்டுதானே.
ஆறில் ஒவ்வொன்று, ஏழாவதில் இரண்டு,
ஆறில் ஒவ்வொன்று, ஏழாவதில் இரண்டு,
கொசுவை அடிக்கக்கூடக் கை எடுக்காமல்.

நாற்பத்தெட்டு.

அண்ணன் செய்தி அனுப்பியிருந்தான்:
மொத்தம் இரண்டரை, கூட்டிப் பார்.
பார்த்தேன். கூட்டல் சரி என்று பதில் போட்டுவிட்டு
ஊக்கு நின்ற கண்ணியில் ஊசியை நுழைத்து
நழுவல் ஒன்று போட்டேன்,
கொஞ்சம் இறுக்கமாகவே.