குறைந்தது நாலு வெங்காயம்

கடையில் புதிய ஃபுட் ப்ராசசர்
என் சம்பளத்தில் பதினோரு நாள்.
வார்கெத்திலியில் அவ்தாந்தில் என்பவர்
பழையதொன்றை நாலரை நாளுக்குத் தருகிறார்.
மெட்ரோ ஓட்டுகிறவனுக்கு
எல்லா விலையும் இப்படித்தான்:
பூமிக்குக் கீழே எத்தனை நாள்.

என் சமையலுக்கு வயது இரண்டு.
மாக்வாலா இத்தாலிக்குப் போன மறுநாள்
முட்டை கருகியதில் பிறந்தது.
இப்போது கீரையை அவித்துப் பிழிந்து
அக்ரூட்டோடு பூண்டு சேர்த்து
உருண்டை பிடிக்கிற அளவுக்கு வளர்ந்திருக்கிறது.
அக்ரூட்தான் தகராறு.
மேஜை விளிம்பில் மாட்டும் இரும்பு அரைவையில்
திருகு தேய்ந்துவிட்டது.
ரயில் நேர அட்டவணையை நாலாக மடித்து
இடுக்கில் செருகியிருக்கிறேன்.
ஒரு கிலோவுக்கு நாற்பது நிமிஷம்,
அதன் பிறகு தோள்பட்டைக்கு ஒரு ராத்திரி.

லிஃப்டில் காசு போட்டுக்கொண்டே
ஏழாம் மாடி ஓமாரி சொன்னான்:
வெட்ட ஒன்பது நொடி,
கழுவப் பதினாலு நிமிஷம்.
மூடி, கிண்ணம், தண்டு, அந்தத் தண்டுக்குள் ஒரு பொந்து,
பொந்துக்குள் போன வாரத்து வெந்தயக்கீரை.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்து
அவனே காசு போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன்.
நாலே தடவைதான் ஓடியது என்றார் அவ்தாந்தில்.
அட்டைப்பெட்டி, தெர்மோகோல்,
பிரிக்காத உத்தரவாதச் சீட்டு.
ஓட்டிக் காட்டுங்கள் என்றேன்.
வீட்டில் ஒரு வெங்காயம்தான் இருந்தது.
நாலாக நறுக்கிப் போட்டுப் பொத்தானை அழுத்தினார்.
வீடு அதிர்ந்தது.
பிளேடு சுற்றியது,
வெங்காயம் நாலு சுவரிலும் போய் ஒட்டிக்கொண்டது.
நடுவில் பிளேடு
எதையும் தொடாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.
'குறைந்தது நாலு வேண்டும்,' என்றார்,
'ஒன்றென்றால் பிடிபடாது.'
ஏன் விற்கிறீர்கள் என்று கேட்க நினைத்தேன்.
அடுப்பருகே ஒரு தட்டு, ஒரு முள்கரண்டி.
கேட்கவில்லை.

ராத்திரி மாக்வாலா போனில் வந்தாள்.
இங்கே ஒன்று இருக்கிறது என்றாள்.
சினோரா பியரினாவுக்குப் பல் இல்லை.
கோழி, கேரட், ரொட்டி
எதைப் போட்டாலும் ஒரே நிறத்தில் வரும்.
அந்தச் சத்தம் நின்றால் மருந்து கொடுக்கிற நேரம்.
நம் வீட்டிலும் அது கேட்க வேண்டுமா?

சரி, விட்டுவிடுகிறேன் என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பின்னால் எங்கோ குழாய் திறந்து மூடியது.
'டிசம்பரில் எத்தனை பேர்?'
'பதினொன்று. உன் தம்பி வந்தால் பதினாலு.'
'அக்ரூட் மூன்று கிலோ ஆகுமே.'
'ஆகும்.'
'வாங்கு.'
பிறகு, வைக்கப்போகிற நேரத்தில்,
'பதினைந்து நாள்தான் லீவு. யோசி.'

யோசித்தேன்.
மேடையை அளந்தேன், முப்பத்தொரு சென்டிமீட்டர்.
மெஷின் இருபத்தொன்பது.
சொருகுவதற்கு ப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.
முந்நூற்று அறுபத்தைந்தில் பதினைந்து போனால்
மீதி முந்நூற்று ஐம்பது நாளும்
அது அங்கேயே உட்கார்ந்து
என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
கடைசி ஸ்டேஷனில் இறங்காத பயணி மாதிரி.

மறுநாள் டியூட்டி முடிந்து
அவ்தாந்திலிடம் முன்பணம் கொடுத்தேன்.
வியாழன்வரை யாருக்கும் தரவேண்டாம்.
என் கணக்கில் அது அரை நாள்.
மண்ணுக்கடியில் பதினொரு தடவை
போய்த் திரும்பியது.

வீட்டுக்கு வந்து கத்தியை எடுத்தேன்.
பாதி வெங்காயம் போதுமானதாக இருந்தது.
மறு பாதியை
வெட்டுவாய் கீழே இருக்கும்படி
சாசரில் கவிழ்த்து வைத்தேன், நாளைக்கு.