பாக்கி

நவம்பர் வந்தால்
நான் சாகவில்லை என்று
நகரி வங்கியில் போய்ச் சொல்ல வேண்டும்.
கண்ணாடித் துண்டில் கட்டைவிரலை அழுத்துகிறேன்.
சிவப்பு. மறுபடி சிவப்பு.
இருபத்தெட்டு வருடம்
லைசாலும் ஸ்பிரிட்டும் தின்ற ரேகை.
எந்திரத்துக்கு நான் யாரோ.

"ஒக்க சைன் பாக்கி உந்தம்மா"
என்கிறாள் கவுன்டர்ப் பெண்.
பேனாவைத் திறந்தவள்
அப்படியே நிற்கிறேன்.

பாக்கி என்றால் கடன்.
பாக்கி என்றால் மிச்சம்.
தமிழிலும் அப்படித்தான், தெலுங்கிலும் அப்படித்தான்.
ஏகாம்பரகுப்பத்தில் பிறந்தவளுக்கு
எது எந்த மொழி என்று பிரித்துப் பழக்கமில்லை.
அதற்காகத்தான் என்னை எழுப்பினார்கள்,
எழுபத்தொன்று டிசம்பரில், அகர்தலாவில்.
"லெப்டினன்ட் கிருபாவதி,
உங்கள் ஊர்ப் பேச்சு போலிருக்கிறது, வா."

பள்ளிக்கூடம்தான் ஆஸ்பத்திரி.
கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட
வங்காளி வகுத்தல் கணக்கு.
அதன் ஆணியில் சலைன் பாட்டில்.
ஜன்னலெல்லாம் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது.
வயிற்றில் கட்டு, கட்டின் மேல் கட்டு,
அதையும் மீறி ஸ்ட்ரெச்சர் துணி
காய்ந்து பலகையாகியிருந்தது.
லாந்தரைக் காயத்துக்குப் பிடிக்காமல்
வாய்க்குப் பிடித்தேன்.

சிப்பாய் நாதமுனி. சத்ரவாடா.
என் வீட்டிலிருந்து நடந்தே போகலாம்.
என் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:
"பத்னாலுகு பாக்கி. பத்னாலுகு பாக்கி."
"எவரிக்கி?" என்றேன்.
யாருக்கு என்று கேட்டேன்.
யார் என்று கேட்கவில்லை.
மொழி தெரியாதவளைப் பார்ப்பதுபோல
என்னைப் பார்த்தான்.
பிறகு "கங்காதரம்" என்றான்.

நகரியில் கங்காதரத்தைத் தெரியாதவர் உண்டா.
"சைக்கிள் கடைக்குப் பதினாலு ரூபாய் கடனாம் சார்"
என்றேன் சர்ஜனிடம்.
அவர் லேசாகச் சிரித்து
அடுத்த கட்டிலுக்குப் போனார்.
நாலு பத்துக்கு நேரம் குறித்தேன்.
கையெழுத்து கோணாமல் வந்தது.

மார்ச்சில் லீவு.
ஒரு பத்து ரூபாய்த் தாள், இரண்டு இரண்டு ரூபாய்த் தாள்.
கங்காதரம் கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு
நோட்டைப் புரட்டினார்.
"அவனுக்குக் கடனே இல்லையேம்மா.
நான்தான் அவனுக்கு ஒரு பெல் தரணும்."
பெருந்தன்மை என்று நினைத்தேன்.
பணத்தை வைத்துவிட்டு வந்தேன்.
ரயில்வே கேட் வரை சைக்கிளில் துரத்தி வந்து
கையில் திணித்துவிட்டுப் போனார்.

எட்டு வருடம் கழித்து
திருத்தணியிலிருந்து வரும் பேருந்தில்
டிக்கெட் எடுக்காதவர்களை எண்ணிக்கொண்டே வந்த கண்டக்டர்
டிரைவரைப் பார்த்துக் கத்தினான்:
"பத்னாலுகு பாக்கி! ஆப்பு!"

ஆட்கள்.

இறங்கிவிட்டேன்.
மீதி ஆறு மைல்
நகரி மூக்கு மலையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.
அது கிட்டவும் வரவில்லை, தள்ளியும் போகவில்லை.

அவன் லீவுக்குப் பதினாலு நாள் மிச்சமோ,
காய்ச்சலில் வந்த வெறும் எண்ணோ.
இல்லை, ஏதோ ஒரு வாய்க்கால் கரையில்
கங்காதரம் என்ற இன்னொருவனோடு
பதினாலு பேர்
நான் சரியாகச் சொல்லக் காத்துக் கிடந்தார்களோ.
ரெஜிமென்ட்டுக்கு எழுதிக் கேட்கலாம் என்றார்கள்.
கேட்கவில்லை.
பதில் வந்துவிடும் என்றுதான்.

"அம்மா, இக்கட" என்று
காகிதத்தைத் தட்டுகிறாள் பெண்.
மூன்றாம் முறை எந்திரத்தில் பச்சை.
'உயிருடன் இருக்கிறேன்' என்ற வரிக்குக் கீழே
மேஜர் என்று எழுதி, அடித்து,
பெயரை மட்டும் போடுகிறேன்.

அடித்ததற்கும்
ஒரு கையெழுத்து வேண்டுமாம்.