கடைமடைக்குத் தண்ணீர் வந்த இரவு

மோப்ப நாய் ஷட்டர் மேடையிலிருந்து கிளம்பி
பன்னிரண்டு அடி நடந்தது.
வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து
தண்ணீரைப் பார்த்தது.
'அவ்வளவுதான் சார்' என்றார் சங்கிலி பிடித்தவர்.
முந்தின நாள் வரை அங்கே புழுதி.
கோழி நடந்தாலும் தடம் விழும்.

செத்தவர் லஸ்கர் வைரக்கண்ணு.
பொதுப்பணித் துறை. வயது ஐம்பத்திரண்டு.
ஷட்டர் திருகும் சாவியைத்
தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர்.
மேலைக்காரர்களிடம் வாங்கிக்கொண்டார் என்று ஒரு பேச்சு.
வாங்கவே மாட்டார், அதுதான் தொல்லை என்று இன்னொரு பேச்சு.
புரட்டாசி பிறந்தும் ஆற்றில் முழங்கால் தண்ணீர்.
வடகாட்டிருப்புக்கு முறை வர இன்னும் மூன்று நாள்.
மண்டையில் ஒரே அடி.
சாவியைக் காணோம்.

நான் ஸ்டேஷன் ரைட்டர்.
பள்ளிக்கூட வாசலில் பெஞ்சு போட்டு
நாற்பத்தொரு பேரை எழுதினேன்.
நான் மேற்படி முகவரியில் குடியிருந்து
விவசாயம் செய்து வருகிறேன்.
சம்பவத்தன்று இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தேன்.
விடிந்துதான் எழுந்தேன்.
பத்தாவது ஆளுக்குப் பிறகு
பெயரை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.
உத்திராபதி தூங்கினார். பக்கிரிசாமி தூங்கினார்.
ஐந்து வருஷமாக இழுப்பு வந்து
உட்கார்ந்தே இரவைக் கழிக்கும் சிங்காரவேலுகூட
அன்றைக்குத் தூங்கினார்.

ஒரு பையன் மட்டும், எட்டாவது படிக்கிறவன்,
'ஒன்றரை மணிக்குத் தவளை கத்துச்சு சார்,
நாலு மாசமா கத்தாத தவளை' என்றான்.
மறுநாள் அப்பாவோடு வந்து
அது வேற ராத்திரி என்றான்.
எழுதிய தாளை இன்ஸ்பெக்டர் கிழிக்கவில்லை.
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஜோதிராமலிங்கம். தேனிப் பக்கத்து ஆள்.
நஞ்சை தெரியாதவர் என்று ஊர் நினைத்திருந்தது.
ஷூவைக் கழற்றி, பேண்ட்டைச் சுருட்டி,
ஒவ்வொரு நாற்றங்காலாக இறங்கி
கையை ஊன்றி அவர் சொல்ல, நான் குறித்தேன்.
நாலு விரல்.
நாலு விரல்.
நாலு விரல்.
வெட்டிய மடையை நிரம்பியதும் அடைத்திருக்கிறார்கள்.
வரப்பு ஒரு சாண் நகர்ந்தால்
அண்ணன் தம்பிக்குள் அரிவாள் எடுக்கிற ஊரில்
அந்த ஒரு ராத்திரி சத்தம் இல்லை.

'ரைட்டர், நாப்பத்தொரு பேரும் முழிச்சிருந்திருக்கானுங்க.'

அதை நான் எழுதவில்லை.
நானும் கடைமடைக்காரன்.
நாற்று வெளுத்திருப்பதைப் பார்த்தால்
எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லத் தெரியும்.
அந்த நாற்று இரண்டு நாள் தாங்கியிருக்கும்.

வாய்க்கால் முடிகிற இடத்தில் கடைசித் துண்டு,
ஒரு மா, குத்தகை, வைரக்கண்ணு பயிர் வைத்தது.
அங்கேயும் இறங்கினார்.
வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

நாலு விரல்.

டவர் கணக்கு எடுத்தோம். எல்லாப் போனும் வீட்டிலேயே இருந்தன.
பிடித்து வந்த மூன்று பேரை விட்டோம்.
அடுத்த கோடையில் தூர் வாரியபோது
பொக்லைன் அள்ளிப்போட்ட சேற்றைக் கிளறினோம்.
பாட்டில், ஒற்றைக் கொலுசு, ஒரு டார்ச் லைட்டின் தலை.
சாவி இல்லை.
டிபார்ட்மென்ட் கும்பகோணத்தில் புதுசு அடித்து வாங்கிக்கொண்டது.
மாற்றலாகிப் போகும்போது இன்ஸ்பெக்டர்
தவளைத் தாளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.
துப்புத் துலங்கவில்லை என்று
என் கையெழுத்தில்தான் முடிந்தது.

மலர்க்கொடி, அவர் சம்சாரம்,
அந்த நாற்றைத்தான் பறித்து நட்டாள்.
எட்டு மூட்டை கண்டது.
வருஷத்துக்கு ஒருதடவை ஸ்டேஷனுக்கு வருவாள்.
யார் கொன்றது என்று கேட்டதே இல்லை.
'எங்க வயலுக்கு மடையத் தெறந்துவுட்டது யாரு,
அத மட்டும் சொல்லுங்க' என்பாள்.

நான் ரிஜிஸ்டரைப் புரட்டுவேன்,
எங்கேயோ எழுதிவைத்திருப்பது மாதிரி.