அனுப்புநர்: பெஞ்சலய்யா

போர்டில் அவன் பெயரைச் சுரண்டி
ஏழு மாதம் ஆகிறது.
கரண்டு பில்லில் மாற்றிவிட்டேன்.
வங்கியில் மூன்று கையெழுத்து, இரண்டு சாட்சி.
போட்டோ மென்பொருள் மட்டும்
ஒத்துக்கொள்ளவில்லை.

படத்தைத் தொட்டு
கடித உறை போட்ட பொத்தானை அழுத்தினால்
அவுட்லுக் எழுந்து வரும்.
அனுப்புநர் இடத்தில்
நான் கேட்காமலே
பெஞ்சலய்யா உட்கார்ந்திருப்பான்.

ட்ரோன் வாங்குவதா வேண்டாமா என்பதில்
முறிந்த கூட்டு எங்களுடையது.
வாங்கிக்கொண்டு நாயுடுப்பேட்டைக்குப் போனான்.
எனக்கு ஊத்துக்கோட்டையும்
இரண்டு குடை விளக்கும்
இந்தக் கணினியும்.

விருப்பங்கள் என்ற கதவுக்குள் நுழைந்து
ஜிமெயில் என்று மாற்றுவேன்.
சரி என்பேன். சரி என்னும்.
மூடித் திறந்தால்
மறுபடி அவன்.
மென்பொருளையே கழற்றி எறிந்து
புதிதாய்ப் போட்டேன்.
முதல் படத்திலேயே அவன்.
செங்குன்றத்திலிருந்து வந்த பையன்
அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு
"செட்டிங் கரெக்டாத்தான் இருக்குதுக்கா" என்றான்.

சத்தியவேடு கம்பெனியில் சேரும் பெண்களின்
வெள்ளைப் பின்னணி முகங்கள்,
நாகலாபுரத்துக் காதுகுத்து,
சுருட்டப்பள்ளியில் தாலி கட்டி
ஆரணியாற்றுப் பாலத்தில்
வெயிலுக்குக் கண் சுருக்கிய ஜோடிகள்
எல்லாம் அவன் பெயரில் போயின.
நான் எடுத்த படம்.
நான் இளக்கிய நிழல்.
கழுத்துச் சுருக்கத்தை அழிக்க மாட்டேன் என்று
நான் போட்ட சண்டை.

சுருட்டப்பள்ளிக்காரரை நினைத்துக்கொள்வேன்.
ஊரெல்லாம் லிங்கமாய் நிற்கிறவர்
அங்கே மட்டும் காலை நீட்டிப் படுத்திருக்கிறார்.
நஞ்சு குடித்த களைப்பு என்பார்கள்.
இருக்கட்டும்.
எந்தப் பட்டியலில்
எந்தக் கட்டத்தைத் தட்டினால்
அப்படி மாற முடிகிறது?

போன புதன்கிழமை
கரண்டு போய் வந்த ராத்திரியில் பிடிபட்டது.
மென்பொருளுக்கென்று சொந்த முடிவு கிடையாது.
அது கணினியைக் கேட்கிறது:
இந்த வீட்டில் கடிதம் என்றால் யார்?
கணினி ஏழு மாதமாய்
ஒரே பதிலைச் சொல்கிறது.
நான் வாசலில் நின்று
தபால்காரனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

விண்டோஸுக்குள் இறங்கினால்
எதற்கு எது என்று ஒரு பக்கம்.
பாட்டுக்கு இது, படத்துக்கு இது.
மின்னஞ்சல் என்ற வரியைத் தட்டினேன்.
பட்டியலில் நானும் இருந்தேன்,
இரண்டாவதாக,
கூப்பிடாததால் பேசாமல்.

சோதனைக்கு ஒன்றை எனக்கே அனுப்பினேன்.
செக்போஸ்ட் மழையில்
தார்ப்பாய் விலகி நிற்கும் செங்கல் லாரி.
அனுப்புநர்: குணவதி.
மாடியிறங்கிப் போய்
சர்க்கரை தூக்கலாக ஒரு டீ குடித்தேன்.

சனிக்கிழமை போன் வந்தது.
எடுத்த எடுப்பில்
"ஏமாச்சு, மூணு நாளா ஒண்ணும் வரல?"

உனக்கு இன்னா வரணும் என்றேன்.

தலை சாய்ந்திருக்கிறது,
மாப்பிள்ளை கண் மூடியிருக்கிறது,
பாப்பாவை இன்னும் கொஞ்சம் சிவப்பாக்குங்கள்.
படம் கிடைத்தவர்கள் எழுதிய பதிலெல்லாம்
அவனிடம் போயிருக்கிறது.
"நேரில் வாருங்கள், மேடம் சரிசெய்வார்" என்று
தமிழுக்குத் தமிழில்
தெலுங்குக்குத் தெலுங்கில்
எழுதிப்போட்டிருக்கிறான்.
அதனால்தான் வந்தவர்களெல்லாம்
"சார் வரச் சொன்னாரு" என்றார்கள்.
எந்தச் சார் என்று
நான் ஒருவரையும் கேட்டதில்லை.

இதற்குக் கோபப்படலாமா என்று யோசிப்பதற்குள்
"மஸ்தானம்மா நாலு காப்பி கேட்டாங்களே,
குடுத்தியா?" என்றான்.

கொடுக்கவில்லை.
பிரிண்டரில் மஜெந்தா தீர்ந்திருந்தது.
"சரி, திங்கக்கிழமைன்னு சொல்லிடறேன்."

வேண்டாம், நான் எழுதிக்கொள்கிறேன்,
அவங்க எழுதினதை இங்கே அனுப்பு என்றேன்.

"எந்த அட்ரசுக்கு?"

சொன்னேன்.
ஒவ்வோர் எழுத்தாக,
இரண்டு முறை.