பார்க்க வந்தோம்

வீட்டில் வேண்டாம் என்றது நான்தான்.
பலகாரத் தட்டோடு இரண்டாம் முறை
கூடத்துக்கு நடந்து வரக்
கால் ஒப்பவில்லை.
அப்படியென்றால் கோட்டைக்கு, என்றார் பரந்தாமன் போனில்.
பத்தொன்பது வருடமாய்
கோலசிலாங்கூர் மலையடியில்
செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறவர்,
ஒரு தடவையும் மேலே ஏறியதில்லையாம்.

டிராமில் மூன்று டிக்கெட்.
நடுவில் என் மகன் தர்வின், ஆறு வயது,
வேலி மாதிரி.

பீரங்கிகள் இன்னும் கடலைப் பார்த்தபடி.
எதிரே ஒரு கப்பலும் இல்லை.
ஒன்றின் வாயில் யாரோ
காலி மைலோ பெட்டியைத் திணித்திருந்தார்கள்.
"சுடுமா?" என்றான் தர்வின்.
"சுடாது. இந்த வெயில்ல தொட்டுப் பாரு, சுடும்."
சிரிக்கக் கூடாதென்று இருந்தேன்.

டச்சுக்காரன் பிடித்தது, சுல்தான் மீட்டது,
எல்லாம் வருடத்தோடு பலகையில் இருந்தது.
நடுவில் இங்கே யார் உலை வைத்தார்கள்
என்று ஒரு வரி இல்லை.
கடைசி எழுத்து வரை படித்தேன்,
அவர் முகம் பார்க்காமலிருக்க.

கலங்கரை விளக்கத்தின் கீழே லோத்தோங் கூட்டம்.
பயத்தங்காய் ஒரு கட்டு வாங்கினார்.
சாம்பல் உடம்புக்காரி ஒருத்தி மடியில்
தீப்பற்றியதுபோல் ஆரஞ்சுக் குட்டி.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
இன்னொருத்தி வந்து வாங்கிக்கொண்டாள்,
அவளிடமிருந்து வேறொருத்தி.
பெற்றவள் எவளென்று தர்வினுக்குத் தெரியவில்லை.
எங்களுக்கும்தான்.
"கொஞ்ச நாள்ல நரைச்சிடும்," என்றாள் காய் விற்கிறவள்.
"அப்புறம் எல்லாம் ஒரே நிறம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

இறங்கி, இயற்கைப் பூங்காவுக்குள்.
அலையாத்தி வேர்கள், கண்ணை உச்சியில் வைத்துத்
தத்தித் திரியும் சேற்று மீன்கள்.
பறவைக் கோபுரம் அடைத்துக் கிடந்தது.
நடைபாதையில் ஓரிடத்தில் பலகையே இல்லை.
முதலில் அவர் தாண்டினார்.
திரும்பிக் கை நீட்டினார்,
எனக்கல்ல,
குனிந்து, ஆறு வயது உயரத்தில்.

தர்வின் பிடிக்கவில்லை. தானே குதித்தான்.
ஒரு செருப்பு சேற்றுக்குள்.

முழங்கை வரை விட்டு அவர் துழாவும்போதுதான் கவனித்தேன்,
சட்டை புதிது,
கடையில் மடித்த கோடுகூடக் கலையாதது.
செருப்பு வரவில்லை.

புக்கிட் ரோத்தான் போகும் பஸ்ஸில்
அம்மாவின் அழைப்பு.
"என்ன, பிடிச்சிருக்கா?"
"கோட்டையையா?" என்றேன்.

மடியில் தர்வின் தூங்குகிறான்.
ஒரு காலில் காயும் சேறு.
கையில், கொடுக்காமல் வைத்துக்கொண்ட
ஒற்றைப் பயத்தங்காய்.