பதினேழு

போன கோடையில் இதே இடத்தில்
கிடை போட்டு இரண்டு மூட்டை நெல் வாங்கினோம்.
இப்போது வெள்ளைக்கல், கம்பிவேலி, பலகை:
மேலூருக்குப் பத்தே நிமிடம்.

காட்டுக்குள் விடமாட்டார்கள்.
கண்மாய் முழுக்கக் கருவேலம்.
நாற்பது உருப்படியும் இருட்டில்
நால்வழிச் சாலை தாண்டும்வரை
ஒச்சப்பன் துண்டை ஆட்டிக்கொண்டு
லாரிகளுக்கு முன்னால் நின்றான்.

வாட்ச்மேன் டார்ச் அடித்தான்.
விடியுமுன் கிளம்பணும்,
சாணியை யார் அள்ளுவது என்றான்.

கல்லில் கழுத்தைச் சொறிந்துவிட்டு
மயிலைப்பசு படுத்தது.
மூன்று மணிக்குக் கன்று.
நிற்கப் பார்த்து
நாலு தரம் விழுந்தது.

ஒச்சப்பன் கல்லைத் தடவி எண்ணைப் படித்தான்.
பதினேழு.
கூப்பிட ஒரு பேர் ஆயிற்று.

விற்றுப்போன மனை அது, என்றான் வாட்ச்மேன்.
ஈரம் காயட்டும் என்றேன்.